கையில் இருக்கிற கமரா போதும்: குறைந்த செலவில் படம் பிடிக்க ஒரு பாடம்



படம் பிடிப்பது காசுக்காரர் பொழுதுபோக்கு என்று நம்ம லயங்களில் ஒரு காலத்தில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் நியாயமும் இருந்தது. 1990களில் ஒரு பிலிம் ரோல் போட்டால் 36 படம். ரோலுக்கு ஒரு காசு, கழுவ ஒரு காசு, பிரதி போட ஒரு காசு. கண்ணை மூடிக்கொண்ட படத்துக்கும் சேர்த்துத்தான் காசு. அதனால் கலியாணம், சடங்கு, அடையாள அட்டை என்று வந்தால் மட்டும் டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் நின்றோம்.

இன்றைக்கு நிலைமை வேறு. வீட்டில் ஒருவர் கையிலாவது போன் இருக்கிறது. நூறு படம் எடுத்தாலும் பிலிம் செலவு கிடையாது. ஆனாலும் ஒன்று கேட்கிறோம். போன வருசம் நீங்கள் எடுத்த படங்களில் இன்று எத்தனை கையில் இருக்கிறது? அதில் நிற்கிறவர்கள் யார், எந்த மலை, எந்த மாதம் என்று பத்து வருசம் கழித்துச் சொல்ல முடியுமா?

விலை குறைந்த கருவி எது, இணையத்தில் சும்மா கிடைக்கிற உதவிகள் எவை, எடுத்த படத்தை எப்படிக் காப்பது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். படத்துக்கு மதிப்புக் கொடுப்பது கமராவின் விலை இல்லை, அதோடு சேர்த்து எழுதி வைக்கிற பேரும் திகதியும்தான் என்பது இந்தப் பாடத்தின் சாரம்.

பொகவந்தலாவையில் ஒரு கல்லறை

பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயம் இருக்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மா அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உலகப் புகைப்பட வரலாற்றை எழுதுகிற எவரும் இவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

இவர் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கமரா பிடித்ததே 48 வயதில், 1863 கடைசியில். மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமரா அது. தொழிலுக்குப் படித்து வந்தவர் இல்லை, ஆசையால் பழகியவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் இங்கேயே காலமானார். "இந்த வயசில் என்ன படிக்க?" என்று கேட்கிற அம்மாமாருக்கு இவரைத்தான் காட்டலாம்.

அந்தக் காலத்துக் கமரா தலையணைப் பெட்டி போல இருக்கும். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படம் எடுத்து, உடனே இருட்டறையில் கழுவ வேண்டும். நிற்கிற ஆள் பல விநாடி, சில நேரம் நிமிடக் கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு அவர் இலங்கையில் தொழிலாளரையும் கிராமத்தாரையும் படம் எடுத்தார். அவற்றில் சில இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

படம் இருக்கிறது, எடுத்தவர் பேரும் இருக்கிறது. ஆனால் படத்தில் நிற்கிற பலருடைய பேர் நமக்குக் கிடைக்கவில்லை. 'விவசாயிகள்', 'இளம் பெண்' என்ற தலைப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் நூறு வருசத்துக்கு மேலாக அஞ்சலட்டையிலும் தேயிலைப் பெட்டியிலும் கூடை சுமந்த நம்ம பெண்களைப் பார்க்கிறோம். அவர் எந்தத் தோட்டம், யார் பெற்ற பிள்ளை என்று யாரும் எழுதவில்லை. இப்போது கமரா நம்ம கையிலேயே இருக்கிறது. நாமும் பேர் எழுதாமல் விட்டால் யாரைக் குறை சொல்வது?

பாடத்துக்கு ஓர் இடம்: குறிஞ்சாக்கேணி

வெறும் விதியாகச் சொன்னால் பாடம் மனதில் நிற்காது. அதனால் ஓர் இடத்தை வைத்துச் சொல்கிறோம். திருகோணமலை மாவட்டத்தில், கிண்ணியா டவுனுக்கு அக்கரையில், களப்பு ஓரமாக இருக்கிற ஊர் குறிஞ்சாக்கேணி. கோணேஸ்வரத்துக்குப் போகிற நம்ம ஆட்கள் 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம் போய்விடலாம்.

மலையில் இருக்கிற நமக்கு ஏன் அந்த ஊர்? முதலாவது, அது நம்ம ஆறு போய்ச் சேருகிற பக்கம். அட்டன், கொத்மலைப் பக்கத்து ஓடைகள் சேர்ந்துதான் மகாவலி ஆகிறது. 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அந்தக் குடாவை ஒட்டித்தான் கிண்ணியா. இரண்டாவது, அங்கே உள்ள வெளிச்சம் நம்ம வெளிச்சத்துக்கு நேர் எதிர். இங்கே பனி, மூட்டம், நிழல். அங்கே வெயில், தண்ணீரில் கண் கூசும் மினுக்கம். இரண்டிலும் படம் எடுக்கப் பழகினால் எங்கேயும் எடுக்கலாம். மூன்றாவது காரணம் துயரமானது. அதைப் பிறகு சொல்கிறோம்.

வெளிச்சத்தைப் படிப்போம்

போன் கமராவோ பெரிய கமராவோ, தான் பார்க்கிறதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். அதனால் பனி மூடிய தேயிலை மலையை எடுத்தால் வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாக விழும். அப்போது வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். போன் திரையில் ஆளின் முகத்தைத் தொட்டால் பல போன்களில் ஒரு சூரியக் குறி வரும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும்.

குறிஞ்சாக்கேணியில் உச்சி வெயிலில் ஆட்களை எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும், வானம் வெளுத்துப்போகும். அங்கே வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். இன்னும் நல்லது, நேரத்தை மாற்றுவது. நம்ம நாட்டில் வருசம் முழுக்க ஏறக்குறைய காலை 6 மணிக்குச் சூரியன் உதிக்கும், மாலை 6 மணிக்கு மறையும். உதித்து ஒன்றரை மணி நேரமும், மறைவதற்கு முந்திய ஒன்றரை மணி நேரமும் வெளிச்சம் சாய்ந்து, மஞ்சளாக, மெதுவாக விழும். அதுதான் படக்காரன் பொழுது. கிண்ணியா கிழக்குக் கரையில் இருப்பதால் குடாப் பக்கம் விடியலை எடுக்கலாம். மீன் வள்ளங்கள் கரைக்கு வருகிறதும் காலை வேளையில்தான்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை நம்ம மேற்கு மலைகளை நனைக்கும். அப்போது திருகோணமலைப் பக்கம் வெயில். வருசக் கடைசியிலும் ஜனவரியிலும் அங்கே மழை. பயணம் போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையால் கூட்டிக் குறைக்கிற பெரிய கமரா கிடைத்தவர்களுக்குப் பழைய காலத்து ஒரு கணக்கு: நல்ல வெயிலில் துவாரத்தை எப் 16இல் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் நூறில் ஒரு விநாடி. 200 என்றால் இருநூறில் ஒரு விநாடி. மூட்டம் போட்டால் துவாரத்தை எப் 8 அல்லது எப் 5.6 வரை திறங்கள்.

காசு குறைந்த கருவிகள்

புதுப் போன் வாங்குமுன் இருக்கிற போனைச் சரியாகப் பாவியுங்கள். இதோ சில்லறைக் காசில், சிலது காசே இல்லாமல்:

1. பருத்தித் துணி. போன் கண்ணாடியில் விரல் எண்ணெய் பட்டால் படம் புகை மண்டினது போல இருக்கும். எடுக்குமுன் ஒரு தடவை துடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

2. அரிசிப் பை. சின்னத் துணிப்பையில் அரிசி அல்லது பயறு போட்டுத் தைத்து, மதில் மேலோ கல் மேலோ வைத்து, அதன் மேல் போனை வையுங்கள். முக்காலி இல்லாமலே ஆடாது. மூன்று விநாடி டைமர் வைத்தால் விரல் பட்டு அசைகிறதும் இல்லை.

3. வெள்ளை ரெஜிபோம் அட்டை. டீவி பெட்டியில் வருகிற அட்டை போதும். முகத்தில் நிழல் விழுந்த பக்கம் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும். வெள்ளைச் சேட்டும் அந்த வேலையைச் செய்யும்.

4. இஸ்தோப்பு. லயக் காம்பராவுக்குள் பகலிலும் இருட்டு. ஆளை வாசல்படிக்குக் கொண்டுவந்து, முகம் வெளியே பார்க்க உட்கார வையுங்கள். வெயில் நேரே படாமல், வெளிச்சம் மட்டும் படும். ஸ்டூடியோ வெளிச்சத்துக்கு இது குறைவில்லை.

5. மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா. மலைப் பக்கத்து ஈரத்தில் கமராக் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வருகிற சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து டப்பாவில் போட்டு, கமராவை அதற்குள் வையுங்கள். கடல் பக்கம் போய்வந்தால் உப்புக் காற்று படிந்திருக்கும். மணலை ஊதித் தள்ளிவிட்டு, லேசாக ஈரம் பட்ட துணியால் வெளிப்பக்கம் துடைத்துக் காய வையுங்கள்.

திரையில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுக்காதீர்கள். சாதாரணப் போனில் படம் சிதையும். நாலு எட்டு முன்னால் நடந்து போய் எடுங்கள்.

பழைய கமரா வாங்கும்போது

பிள்ளைக்கு ஆசை முற்றிவிட்டது, கலியாண வேலைக்கும் போகப் பார்க்கிறான் என்றால், பாவித்த கமரா போதும். கெனன் 1100டி (2011), நிக்கோன் டி3100 (2010) போன்ற ஆரம்பக் கமராக்களின் படம் இன்றும் அல்பம் போட நன்றாக இருக்கும். அதோடு 50 மில்லிமீற்றர், எப் 1.8 லென்ஸ் ஒன்று. பெரிய கம்பெனிகள் விற்கிறதில் விலை குறைந்த லென்ஸ்களில் இதுவும் ஒன்று, இருட்டிலும் உதவும். நிக்கோன் டி3100 எடுப்பவர்கள் லென்ஸில் 'ஏ.எப்.-எஸ்.' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வகை என்றால் தானாகக் குவியாது.

காசு கொடுக்குமுன்:

- லென்ஸை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை நூல் தெரிந்தால் பூஞ்சணம். வேண்டாம்.
- ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். வாகனத்துக்கு மைல் கணக்குப் போல.
- ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி அதிகம் என்றால் உள்ளே தூசி.
- பற்றரி, சார்ஜர், பில் இருக்கிறதா பாருங்கள்.
- இணைய விளம்பரத்தைப் பார்த்து, பொருளைப் பார்க்காமல் முற்பணம் அனுப்பாதீர்கள்.

கடன் எடுத்துக் கமரா வாங்க வேண்டாம். நாட்சம்பளத்தில் சீட்டுப் போட்டு வாங்கினால் போதும். ஆசைக்குப் பழகும்வரை போனே குரு.

இணையத்தில் சும்மா கிடைப்பவை

ஓப்பன் கமரா: அண்ட்ரோயிட் போனுக்கான இலவசச் செயலி. வெளிச்சம், ஐ.எஸ்.ஓ., வெள்ளைச் சமநிலை எல்லாவற்றையும் கையால் மாற்றலாம். ஷட்டர் வேகத்தை மாற்ற முடிவது போனைப் பொறுத்தது.

ஸ்னாப்சீட்: படத்தைத் திருத்துகிற இலவசச் செயலி. சாய்ந்த தொடுவானத்தை நேராக்க, நிழலைத் தூக்க, தேவையில்லாத ஓரத்தை வெட்ட இது போதும். முகத்தை வெள்ளையாக்குகிற வேலை வேண்டாம். நம்ம நிறம் நமக்கு அழகு.

ஜிம்ப், டார்க்டேபிள்: கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு இலவச மென்பொருள்கள். கணினியில் எதையும் ஏற்ற முடியாதவர்கள் போட்டோபீ என்ற தளத்தை உலாவியிலேயே திறந்து வேலை செய்யலாம்.

சன்கால்க்: எந்த ஊரில், எந்த நாளில், சூரியன் எந்தத் திசையில் உதிக்கும், மறையும் என்று வரைபடத்தில் காட்டும் தளம். குறிஞ்சாக்கேணிக்குப் போகுமுன் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

போட்டோஸ்கேன்: பழைய காகிதப் படங்களைப் போனாலேயே மினுக்கம் இல்லாமல் பிரதி எடுக்க உதவும். தாத்தா பாட்டி படத்தில் பூஞ்சணம் பிடிக்குமுன் இந்த வேலையைச் செய்யுங்கள். அல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிய்க்காதீர்கள். அப்படியே வைத்துப் பிரதி எடுங்கள்.

கூகுள் போட்டோஸ்: 2021 ஜூன் 1க்கு முன் கணக்கில்லாமல் சேமிக்கலாம். இப்போது மின்னஞ்சலோடு சேர்த்து 15 கிகாபைட் வரைதான் இலவசம். ஆகவே நல்லதை மட்டும் ஏற்றுங்கள்.

விக்கிமீடியா கொமன்ஸ், நூலகம்: தோட்டத்துக் கோயில், பழைய ஸ்டோர், காமன் கூத்து போன்ற பொதுப் படங்களைக் கொமன்ஸில் ஏற்றினால் எடுத்தவர் என்று உங்கள் பேர் அதோடு நிற்கும். ஆனால் அங்கே ஏற்றியதை வியாபாரத்துக்கும் யாரும் பாவிக்கலாம். வீட்டுப் படங்களை அங்கே போட வேண்டாம். இலங்கைத் தமிழர் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்க்கிற நூலகம் 2005இல் தொடங்கியது. பழைய மலையகச் சஞ்சிகைகளையும் அங்கே பார்க்கலாம்.

ஒரு முக்கிய குறிப்பு: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அச்சுக்குக் கொடுக்கிற படத்தை 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடமும் உள்ளே பதிந்திருக்கலாம். பிள்ளைகளின் படம் என்றால் கமராவில் இடக் குறிப்பை நிறுத்திவிட்டு எடுங்கள்.

2021 நவம்பர் 23

குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்த காலம். களப்பைக் கடக்க ஜனங்கள் ஒரு மிதப்புப் பாதையில்தான் போனார்கள். 2021 நவம்பர் 23 காலையில் அந்தப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்படக் குறைந்தது ஆறு பேர் உயிரிழந்தார்கள்.

இந்தத் துயரத்தைப் படப் பாடத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. விபத்து நடந்த பிறகு எல்லாருடைய போனும் வெளியே வருகிறது. ஆனால் உதவுகிற படம் விபத்துக்கு முந்தின படம். பலகை உடைந்த பாலம், ஆட்கள் நெருக்கியடித்து ஏறுகிற படகு, கைப்பிடி இல்லாத படி, லயத்துக்குப் பின்னால் வெடித்த மண். இவற்றை எடுத்து, திகதி போட்டு, மனுவோடு கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுக்கலாம். படம் கொடுத்த உடனே வேலை நடந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 'எங்களுக்குத் தெரியாது' என்று ஒருவர் சொல்ல முடியாமல் போகும்.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. சுவரிலும் நிலத்திலும் வெடிப்பு, மரம் சாய்தல், புது ஊற்று, கலங்கல் தண்ணீர் எல்லாம் மண்சரிவுக்கு முன் தெரியக்கூடிய அடையாளங்கள். வெடிப்பைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் அடிமட்டம் வையுங்கள். ஒவ்வொரு கிழமையும் அதே இடத்தில் நின்று எடுங்கள். அகலம் கூடுகிறதா என்பது தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தகவல் கொடுக்கவும் அது உதவும். மழை கொட்டுகிற நேரத்தில் வெடிப்பு வளர்ந்தால் படம் எடுக்க நிற்காதீர்கள். முதலில் பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

பேர் எழுதுங்கள், பிரதி வையுங்கள்

மண்ணோடு போன வீடுகளில் இருந்த அல்பங்களை இனி யாரும் திருப்பித் தர முடியாது. ஆகவே ஒரு படத்துக்கு மூன்று பிரதி: ஒன்று போனில், ஒன்று மெமரி கார்ட்டில் அல்லது இணையத்தில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரரிடம். அருமையான படங்களைக் காகிதத்திலும் போடுங்கள். பின்பக்கம் பென்சிலால் நாலு விசயம் எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது, எடுத்தவர் யார். போனில் இருக்கிற படத்துக்குக் கோப்புப் பேரிலேயே வருசம், மாதம், தோட்டம், ஆள் பேர் போடலாம்.

கேட்டு எடுங்கள்

மலையில் கொழுந்து எடுக்கிற அக்காமாருக்குப் படம் பிடிக்க ஆட்கள் வந்து நிற்பது பழக்கம். ஆனால் அவர்களிடம் கேட்டு எடுத்தவர்கள் எத்தனை பேர்? நமக்கு வராத மரியாதையை நாம் மற்றவருக்குக் கொடுப்போம். கிண்ணியாப் பக்கம் பெரும்பாலும் முஸ்லிம் மக்கள். பெண்களை எடுக்கக் கூடாது என்றால் சிரித்துக்கொண்டு கமராவை இறக்கிவிடுங்கள். பிள்ளைகளை எடுக்கப் பெற்றோரிடம் கேளுங்கள். இறந்தவர், காயப்பட்டவர் படத்தை எடுத்து அனுப்பாதீர்கள். திருகோணமலையில் கடற்படைத் தளம் இருக்கிறது. தடைப் பலகை உள்ள இடத்தில் கமராவைப் பைக்குள் வையுங்கள்.

வீட்டுப் பயிற்சி

1. வீட்டில் மூத்தவர் ஒருவரை இஸ்தோப்பில் உட்கார வைத்து, காலையில் ஒரு படம், உச்சியில் ஒரு படம் எடுத்து, வித்தியாசத்தைப் பாருங்கள்.
2. ஒரே மலையைப் பனியிலும் வெயிலிலும் எடுங்கள். பனிப் படத்தில் வெளிச்சத்தைக் கூட்டி ஒன்று, கூட்டாமல் ஒன்று.
3. கொழுந்து மடுவத்தில் நிற்கிற ஒருவரைக் கேட்டு எடுங்கள். அவர் பேர், அவர் அப்பா அம்மா பேர், எத்தனை வருசமாக வேலை என்று எழுதுங்கள். ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுங்கள்.
4. லயத்தைச் சுற்றி ஆபத்தான இடம் ஒன்றை அடிமட்டத்தோடும் திகதியோடும் எடுங்கள்.
5. பழைய அல்பத்தில் பேர் தெரியாத படம் இருந்தால் இந்தக் கிழமையே பாட்டியிடம் காட்டிக் கேளுங்கள்.

இந்த ஐந்துக்கும் புதுக் கமரா வேண்டாம். ஐந்தாவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பேர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.